கிளை பிரியும் இடத்தில் அடைப்பு

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில், மைசூர் அக்ரஹாரத்தில், அன்பர் ஒருவர் ஆற்றிய உரை)

    

யாம் மருத்துவர் அல்லோம், புலவரும் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறியபின் இரயில்வேயில் எழுத்தராகப் புகுந்து, சரக்கு இரசீதும் சம்பளப் பட்டியலும் எழுதியே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தோம். ஆதலின் இம்மேடையில் இதயத்தைப் பற்றி யாம் பேச வந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். "இவ்வாண்டு நீரும் ஏதேனும் பேச வேண்டும்" என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, "இலக்கியம் பேச அறிஞர் பலர் உளர், யாம் பட்டறிந்த ஒன்றைப் பேச இசைவு தருக" என்று வேண்டினோம். தந்தார். பிழை இருப்பின் பொறுத்தருள்க.

யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றே. இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய், கிளையாகப் பிரியும் இடத்திலேயே அடைபட்டால் மருத்துவர் செய்வது என்ன? ஒரு ஸ்டென்ட் வைப்பதா, இரண்டு வைப்பதா? இக்கேள்வி எம் வீட்டில் ஒன்பது நாள் உறக்கத்தைக் கெடுத்தது. நம் குடியிருப்பில் வேறு வீடுகளிலும் இது எழுந்திருக்கின்றது. இனியும் எழும்.

படியில் நின்ற மூச்சு

2022 ஆம் ஆண்டு தை மாதம். எம் தமையனாருக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. தனியார் ஆலையொன்றில் மேற்பார்வையாளர். ஆண்டுதோறும் சாமுண்டி மலையின் ஆயிரம் படிகளையும் குடும்பத்துடன் ஏறிச் செல்வது அவர் வழக்கம். அவ்வாண்டு நந்தியை அடையுமுன்பே படியில் உட்கார்ந்துவிட்டார். "நெஞ்சின்மேல் பலகையை வைத்து யாரோ அழுத்துவது போல இருக்கிறதடா, தம்பி" என்றார். சிறிது நேரம் இருந்தபின் வலி தணிந்தது. "வாயுத் தொல்லை" என்று சொல்லி மோர் வாங்கிக் குடித்தார். நாங்களும் நம்பினோம். இதுவே எம் முதற்பிழை.

அடுத்த வாரம் மாடிப்படி ஏறும்போதும் அதே வலி வந்தது. பின்னரே மருத்துவமனைக்குச் சென்றோம். இ.சி.ஜி. எடுத்தனர்; ஓடும் பட்டையில் நடக்கவிட்டுப் பார்த்தனர்; பின்பு மணிக்கட்டு வழியாகக் குழல் செலுத்தி ஆஞ்சியோகிராம் எடுத்தனர். இதயத்தின் முன்புறமாக இறங்கும் பெரிய குழாயில், கிளையொன்று பிரியும் இடத்தில் அடைப்பு. பிரிவுக்கு மேலும் கீழும் கிளையின் வாயிலும் ஆக மூன்றிடத்திலும் நோய் தெரிந்தது. "ஒரு ஸ்டென்ட் வைப்போம். கிளைக்குத் தேவைப்பட்டால் மட்டும் அடுத்தது" என்று மருத்துவர் இரண்டே நிமிடத்தில் கூறிவிட்டு அடுத்த நோயாளியிடம் சென்றார். அவர் கூறியது பிழையன்று என்பதைப் பின்னர் அறிந்தோம். ஆயினும் காரணத்தைச் சொல்ல அவருக்கு நேரமில்லை. கேட்க எமக்குத் துணிவில்லை.

வீட்டில் சபை கூடியது. "இரு பக்கமும் அடைப்பிருக்க, ஒரு பக்கத்தை மட்டும் சரிசெய்து அனுப்புவார்களா?" என்று அண்ணியார் கண்ணீர் விட்டார். அடுத்த வரிசையில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், இத்தகைய அடைப்புக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் இரண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர், "எனக்கு இரண்டு வைத்தார்கள்; ஒன்றோடு விட்டுவிடாதீர்கள்" என்று அன்பினால் அறிவுறுத்தினார். எம் உள்ளத்திலும் ஐயம் புகுந்தது. செலவைக் குறைக்கின்றார்களோ, ஏழை என்று எண்ணினார்களோ என்றெல்லாம் நினைத்தோம். இறுதியில் ஆஞ்சியோகிராம் பதிவை எடுத்துக்கொண்டு முதியவரான வேறொரு மருத்துவரிடம் சென்றோம்.

அப்பெரியவர் அரை மணி நேரம் ஒதுக்கினார். "நீர் இரயில்வேக்காரர்தாமே? ஜங்ஷன் தெரியுமல்லவா?" என்று கேட்டுவிட்டு, சீட்டின் பின்புறத்தில் கோடு வரைந்து விளக்கலானார். அன்று கேட்டதையும், அதன்பின் ஆங்காங்கே படித்தும் வினவியும் அறிந்ததையுமே ஈண்டு கூறுகின்றோம்.

ஆறு பிரியும் இடம்

இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கின்றது. உடல் முழுமைக்கும் குருதி அனுப்பும் இவ்வுறுப்புக்கும் குருதி வேண்டும் அன்றோ? அதனைக் கொண்டுவருவன வலம், இடம் என இரு குழாய்கள். இடக்குழாயின் தொடக்கம் குட்டையான ஓர் அடிமரம் போன்றது. அது விரைவில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று இதயத்தின் முன்புறம் இறங்கும். மற்றொன்று பக்கவாட்டில் சுற்றிச் செல்லும். முன்புறக் குழாயிலிருந்து மேலும் கிளைகள் பிரியும். இக்குழாய்களின் அகலம் மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் அளவே.

அடைப்பு ஏன் கிளை பிரியும் இடத்தை நாடுகின்றது? காவிரிக் கரையினரான நமக்கு இதனை விளக்க நெடும்பொழுது வேண்டுவதில்லை. இங்கே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரி இரண்டாகப் பிரிந்து தீவை வளைத்துச் செல்வதைக் கண்டிருக்கின்றீர்கள். அங்கே முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதையும் கண்டிருப்பீர்கள். நீரைப் பிளக்கும் மூக்கின்மேல் ஓட்டம் விசையுடன் மோதும். அங்கே மணல் தங்காது. அதற்கு எதிர்க்கரையோரம் ஓட்டம் மந்தமாகிச் சுழலும். மணல் அங்கேதான் படியும். குருதிக் குழாயிலும் அவ்வாறே. பிரிவின் மூக்கை விட்டு, எதிர்ச்சுவர்களின் ஓரம், ஓட்டம் மந்தமான இடத்தில் கொழுப்பு படிகின்றது. குழாயைத் திறக்கும் சிகிச்சைகளில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை இத்தகைய கிளைப்பிரிவு அடைப்புகளுக்கே செய்யப்படுகின்றன. ஆகவே எம் தமையனாருக்கு வந்தது அரிதான நோயன்று.

மற்றொன்றும் கருதத் தக்கது. பிரிவதற்கு முன் ஆறு அகலம். பிரிந்தபின் ஒவ்வொரு கிளையும் அதனினும் குறுகியது. குழாய்களுக்கும் ஒரு கணக்குண்டு. பிரிந்த இரண்டின் அகலங்களையும் கூட்டி, அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் எடுத்தால் தாய்க்குழாயின் அகலம் கிடைக்கும் என்பர். ஒன்று 3 மில்லிமீட்டர், மற்றது 2.5 எனில், கூட்டுத்தொகை 5.5, தாய்க்குழாய் ஏறத்தாழ 3.7 மில்லிமீட்டர். நேரான ஒரே அளவுக் குழலான ஸ்டென்ட்டை இவ்விடத்தில் வைத்தால், கீழே பொருந்துவது மேலே தளர்ந்து நிற்கும். மேலே பொருந்துவது கீழே குழாயைக் கிழிக்கும். கிளைப்பிரிவின் சிக்கல் முழுவதும் இதில் அடங்கியிருக்கின்றது.

பலூனும் வலையும் வந்த கதை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இத்தகைய அடைப்புக்கு மருந்தும் ஓய்வுமே வழி. பின்பு வேறு நரம்பை எடுத்துத் தைத்துச் சுற்றுவழி அமைக்கும் பைபாஸ் அறுவை வந்தது. இதில் எம்மைப்போன்ற இரயில்வேக்காரர் நெஞ்சு நிமிர்த்தத் தக்க செய்தி ஒன்றுண்டு. நம் நாட்டின் முதல் பைபாஸ் அறுவை என்று போற்றப்படுவது 1975 இல் சென்னைப் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் நடந்தது. செய்தவர் மருத்துவர் கே. எம். செரியன்.

அறுவையின்றிக் குழாயைத் திறக்கலாம் என்று காட்டியவர் ஆண்ட்ரியாஸ் குருன்சிக் என்னும் மருத்துவர். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், தம் வீட்டுச் சமையலறை மேசையில் தம் கையாலேயே பலூன் குழல்களைச் செய்து பழகியவர் அவர். 1977 செப்டம்பர் 16 ஆம் நாள், முப்பத்தெட்டு வயதினர் ஒருவரின் இதயக் குழாயில் அதனைச் செலுத்தி ஊதி, அடைப்பைத் திறந்தார். அவ்வடைப்பும் முன்புறக் குழாயில், கிளையொன்று பிரியும் இடத்தை ஒட்டியே இருந்தது. பின்னாளில் அவரிடம் அமெரிக்காவில் பயின்று திரும்பி, இம்முறையை நம் நாட்டில், அதுவும் சென்னையில், ஊன்றி வளர்த்தவர் மருத்துவர் மாத்யூ சாமுவேல் களரிக்கல்.

பலூன் திறந்த குழாய் சிலருக்கு மீண்டும் மூடிக்கொண்டது. அதனைத் தாங்கிப் பிடிக்க, உலோக வலையாலான சிறு குழலை 1986 இல் பிரான்சின் துலூஸ் நகரில் ஜாக் புயெல் முதன்முதலில் மனித இதயத்தில் வைத்தார். அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தில் உல்ரிக் சிக்வார்ட்டும் வைத்தார். அதுவே ஸ்டென்ட். வெறும் உலோகத்தின்மேல் தசை வளர்ந்து மீண்டும் அடைத்ததால், அவ்வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தைப் பூசிய ஸ்டென்ட் 1999 இன் இறுதியில் பிரேசிலில் முதன்முறையாக ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்டது. இன்று பெரும்பாலும் வைக்கப்படுவன இம்மருந்து ஸ்டென்ட்களே.

நேர்ப்பாதையில் வெற்றி கண்ட இம்முறை, கிளைப்பிரிவில் தடுமாறியது. சப்பாத்தி மாவை ஒருபுறம் அழுத்தினால் மறுபுறம் பிதுங்குவது போல, தாய்க்குழாயில் பலூனை ஊதினால் அங்கிருந்த கொழுப்பும் பிரிவின் மூக்கும் நகர்ந்து கிளையின் வாயை அடைத்தன. "அப்படியானால் இரண்டிலும் வைத்துவிடுவோம்" என்பது அடுத்து எழுந்த எண்ணம். எம் அண்ணியார் எண்ணியதும் அதுவே. உலகின் பெரிய மருத்துவர் பலர் முதலில் எண்ணியதும் அதுவே.

மெயின் லைன் முதலில்

மைசூரிலிருந்து அரசிக்கெரே செல்லும் பாதையில் ஹாசனில் மங்களூர்க் கிளை பிரிகின்றது. அங்கே இரு பாதைகளும் பழுதுற்றன என்று கொள்வோம். பொறியாளர் என்ன செய்வார்? மெயின் லைனை முதலில் உறுதியாக்குவார். கிளைக்குச் செல்லும் வழி மூடிவிடாதபடி பாயிண்ட்ஸ்மேன் ஒருவரைக் கொடியுடன் நிறுத்துவார். மெயின் லைனில் வண்டி ஓடத் தொடங்கியபின், கிளையிலும் வண்டி தடையின்றிச் செல்கின்றதா என்று பார்ப்பார். சென்றால், புதுத் தண்டவாளம் இறக்கமாட்டார். செல்லாவிடில் மட்டும் அங்கும் வேலை தொடங்குவார்.

ஒரு ஸ்டென்ட் முறையும் இதுவே. இரு குழாய்களிலும் மயிரிழை போன்ற கம்பிகளைச் செலுத்துவர். தாய்க்குழாயில் கிளையின் வாயைக் கடந்து ஸ்டென்ட்டை விரிப்பர். கிளைக்குள் கிடக்கும் கம்பி, பாயிண்ட்ஸ்மேன் போல வழிகாட்டி நிற்கும். பின்பு பிரிவுக்கு மேலுள்ள அகன்ற பகுதியில், குட்டையான சற்றுப் பெரிய பலூனை ஊதி, ஸ்டென்ட்டின் மேற்பகுதியைச் சுவரோடு பொருத்துவர். யாம் முன்பு கூறிய அகல வேறுபாட்டுக்கு இதுவே மருந்து. இதன்பின் கிளையில் ஓட்டம் நன்றாக இருந்தால் அவ்வளவில் நிறுத்துவர். குறைந்தால், ஸ்டென்ட்டின் வலைக்கண் வழியாகக் கம்பியை மீண்டும் கிளைக்குள் செலுத்திப் பலூனால் வாயை விரிப்பர். வேண்டுமாயின் இரு குழாயிலும் இரு பலூனை ஒரே நேரத்தில் ஊதுவர். அதற்கும் இணங்காவிடில்தான் இரண்டாம் ஸ்டென்ட். ஆகவே, "ஒன்று போதும்" என்று மருத்துவர் கூறும்போது, கிளையைக் கைவிடுகின்றோம் என்பது பொருளன்று. கண்காணிக்கின்றோம் என்பதே பொருள்.

இரண்டையும் முதலிலேயே வைக்கும் முறைகள் பல. இரு ஸ்டென்ட்களும் மேற்பகுதியில் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்து கால்சட்டைபோல் பிரிவது ஒன்று. கால்சட்டை என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லாலேயே அதனைக் 'குலாட்' என்பர். கிளையின் ஸ்டென்ட்டை முதலில் வைத்து, வெளியே நீண்ட அதன் நுனியைத் தாய்க்குழாயின் சுவரோடு நசுக்கி, மேலே அடுத்ததை விரிப்பது 'கிரஷ்'. இத்தாலியின் அந்தோனியோ கொலம்போ குழுவினர் 2003 இல் வெளியிட்டது. அதனையே இருமுறை இணைப் பலூன் ஊதிச் செம்மைப்படுத்தியவர் சீனாவின் நாஞ்சிங் நகரத்து மருத்துவர் ஷாவ்லியாங் சென் என்பார்.

இரண்டு வைப்பதன் தீமை யாது? கிளையின் வாயில் உலோகம் இரண்டு மூன்று அடுக்காகக் கூடும். ஏதேனும் ஓர் இடத்தில் முழுதும் விரியாமல் நின்றால், அங்கே குருதி உறையலாம். மீண்டும் தசை வளரலாம். வேலை நேரமும் செலுத்தும் சாயமும் கூடும்.

இது வெறும் ஊகமன்று. பிரிட்டனில் 500 நோயாளிகளை இரு பிரிவாக்கிச் செய்து 2010 இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத முடிவில், எளிய ஒற்றை முறையில் நூற்றுக்கு 8 பேருக்கும், இரண்டு வைத்த சிக்கலான முறையில் நூற்றுக்கு 15 பேருக்கும் தீங்கு நேர்ந்தது. அத்தீங்குகளுள் பெரும்பங்கு சிகிச்சையை ஒட்டி இதயத் தசைக்கு ஏற்பட்ட சேதமே. நாம் அதிகமாகக் கேட்டது, அதிகமான நலத்தைத் தரவில்லை.

"திரையில் கிளையின் வாய் குறுகித் தெரிகின்றதே!" என்று அஞ்சுவோர்க்கும் ஒரு விடையுண்டு. 2005 இல் தென்கொரியாவின் சியோல் மருத்துவர்கள், ஸ்டென்ட்டால் மறைக்கப்பட்ட கிளைகளில் அழுத்தமானி பொருத்திய கம்பியைச் செலுத்தி அளந்தனர். கண்ணுக்கு முக்கால் பங்குக்கு மேல் அடைபட்டதாகத் தோன்றிய 73 கிளைகளில், உண்மையில் குருதி குறைந்தது 20 இல் மட்டுமே. கண் காட்டிய குறுகல் வேறு. குருதி உணர்ந்த குறுகல் வேறு.

இரண்டு வேண்டிய இடமும் உண்டு

ஆயினும் "ஒன்றே எப்போதும் சிறந்தது" என்று யாம் பறைசாற்ற வரவில்லை. அதுவும் எண்ணிக்கையைக் கொண்டு தீர்ப்புக் கூறுவதே ஆகும். கிளை பெரிதாயிருந்து, இதயத்தின் பெரும்பகுதியை ஊட்டுவதாயிருந்து, அதன் நோய் வாயோடு நில்லாமல் உள்ளேயும் நீண்டு சென்றால், இரண்டு வைப்பதே நன்றாகலாம். ஒருமுறை கிளை மூடினால் திரும்ப நுழைவது அரிது என்று தெரிந்தாலும் அவ்வாறே.

இடக்குழாயின் அடிமரம் பிரியும் இடத்தில் இது மிகவும் கூர்மையான கேள்வி. அங்கே கிளை என்று எதனையும் தள்ள இயலாது. இரண்டும் பெரிய ஆறுகள். 2017 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாஞ்சிங் முறைப்படி இரண்டு வைத்த நோயாளிகளில் ஓராண்டில் நூற்றுக்கு 5 பேருக்கும், ஒற்றை முறையில் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கும் அவ்விடம் மீண்டும் தொல்லை தந்தது. ஐரோப்பாவில் 467 பேரிடம் நடத்தி 2021 இல் வெளியிட்ட ஆய்விலோ, ஒற்றை முறையில் நூற்றுக்கு 15 பேருக்கும் இரட்டை முறையில் 18 பேருக்கும் தீங்கு நேர்ந்தது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்று கணக்கறிஞர் கூறினர். நோயாளிகளின் அடைப்பும் ஒன்றல்ல. வைத்த கைகளும் ஒன்றல்ல. அடிமர அடைப்போடு வேறு குழாய்களும் பல இடங்களில் அடைபட்டிருப்பின், பெரம்பூரில் தொடங்கிய பைபாஸ் வழியே சிலருக்கு இன்றும் சிறந்தது.

எண்ணிக்கையினும் மேலானது ஒன்றுண்டு; வைத்தது செவ்வையாக விரிந்ததா என்பது. ஒளிக்கதிரைக் குழாய்க்குள் செலுத்தி உட்புறத்தைக் காணும் கருவி இப்போது உள்ளது. சிக்கலான கிளைப்பிரிவு நோயுள்ள 1201 பேரிடம் ஐரோப்பாவில் செய்து 2023 இல் வெளியிட்ட ஆய்வில், அக்கருவியின் துணைகொண்டு செய்யப்பட்டவர்களில் இரண்டாண்டில் நூற்றுக்கு 10 பேருக்கும், வெறும் ஆஞ்சியோகிராமைக் கொண்டு செய்யப்பட்டவர்களில் 14 பேருக்கும் தீங்கு நேர்ந்தது. தண்டவாளம் எத்தனை என்பதைவிட, போட்டது சீராகப் பொருந்தியதா என்பதே பெரிது.

விலையும் ஐயமும்

ஸ்டென்ட் பற்றிய ஐயத்தில் பாதி, பணத்தால் விளைந்தது. மருந்து ஸ்டென்ட் ஒன்றுக்கே இலட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்த குடும்பங்கள் நம் நாட்டில் பல. 2017 பிப்ரவரியில் மைய அரசின் மருந்து விலை ஆணையம் உச்சவரம்பு விதித்தது. மருந்து ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய். வெறும் உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய். இதனால் நடுத்தரக் குடும்பங்களின் சுமை குறைந்தது உண்மை. ஆனால் ஐயம் குறையவில்லை. இரண்டு வைத்தால் "காசுக்காக வைத்தார்" என்கின்றோம். ஒன்று வைத்தால் "கஞ்சத்தனம் செய்தார்" என்கின்றோம். இரண்டு பழிச்சொல்லும் பிறப்பது ஒரே இடத்திலிருந்து. எண்ணத் தெரிகின்றது, ஏன் என்று கேட்கத் தெரியவில்லை. யாமும் அப்படியே இருந்தோம். சரக்கு மூட்டைகளை எண்ணிப் பழகிய கை அன்றோ!

இரண்டு வீட்டின் கதை

எம் தமையனாருக்கு ஒரு ஸ்டென்ட்டே வைத்தனர். கிளையின் நோய் வாயளவிலேயே நின்றதால் அது போதுமாயிற்று. முடிந்தபின் கிளையின் வாய் சற்றுக் குறுகித் தோன்றினாலும், ஓட்டம் செம்மையாக இருந்ததைத் திரையில் காட்டினர். நாங்கள் வீணடித்த ஒன்பது நாட்களைக் குறித்து அம்முதிய மருத்துவர் எம்மைக் கடிந்துகொண்டார். "நடக்கும்போது மட்டும் வந்து, நின்றால் தணியும் வலியாக இருந்தது, மாத்திரையும் உட்கொண்டார், ஆதலின் தப்பினீர். இருந்தபடியே வலி வந்து தணியாதிருந்தால், வியர்த்துக் கொட்டினால், அப்போது இரண்டாம் கருத்துக் கேட்கச் செல்லாதீர், நேரே மருத்துவமனைக்குச் செல்லும்" என்றார். இது எல்லார் வீட்டுச் சுவரிலும் எழுதி வைக்கத் தக்கது. மாரடைப்பு வந்த நேரத்தில் ஒன்றா இரண்டா என்ற பேச்சுக்கே இடமில்லை. நாற்பத்தாறு வயதில் 2021 இல் மறைந்த நடிகர் புனீத் ராஜ்குமாரின் பெயரால், 2023 இல் கர்நாடக அரசு தொடங்கிய 'ஹிருதய ஜோதி'த் திட்டம், தாலுகா மருத்துவமனையிலேயே இ.சி.ஜி. எடுத்து, உறைந்த குருதியைக் கரைக்கும் ஊசியை விலையின்றிச் செலுத்தும் நோக்குடையது. நாழிகைதான் உயிர் என்பதே அதன் கருத்து.

இனி மற்றொரு வீட்டின் கதை. எமக்கு "இரண்டு கேளுங்கள்" என்று அறிவுரை கூறிய அந்நண்பர், ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம் நிறையுமுன், கோயில் குடமுழுக்குக்காகக் கும்பகோணம் பக்கத்திலுள்ள தம் ஊருக்குச் சென்றார். பயணத்தில் மாத்திரைப் பொட்டலம் விடுபட்டது. "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, மைசூர் சென்று போட்டுக்கொள்வோம்" என்று ஐந்து நாள் இருந்துவிட்டார். ஆறாம் நாள் நள்ளிரவில் ஸ்டென்ட்டில் குருதி உறைந்தது. உயிர் தப்பினார். ஆனால் அவர் இதயத்தின் இறைக்கும் ஆற்றல் முன்போல் இல்லை. ஒரு வாளி நீரைத் தூக்கிச் செல்லவும் இன்று இயலாது. இவ்வவையில் முன்வரிசையில் அவர் அமர்ந்திருக்கின்றார். "என் கதையைச் சொல்லுங்கள், ஒருவராவது மாத்திரையை விடாதிருக்கட்டும்" என்று எம்மைப் பணித்தவரும் அவரே.

ஸ்டென்ட் ஒன்றாயினும் இரண்டாயினும், உடல் அதனை அயற்பொருளாகவே முதலில் காணும். உட்சுவரின் மெல்லிய தோல் அதன்மேல் படரும்வரை குருதி உறையாதபடி காப்பன ஆஸ்பிரினும் அதனுடன் தரும் மற்றொரு மாத்திரையும். இரண்டையும் சேர்த்து உட்கொள்ள வேண்டிய காலம் பொதுவாக ஆறு மாதம். மாரடைப்புக்குப்பின் வைத்தவர்க்குப் பெரும்பாலும் ஓராண்டு. அவரவர் நிலையை நோக்கி அக்காலத்தை அறுதியிடுபவர் மருத்துவர். பல் பிடுங்குவதானாலும், வயிறு எரிந்தாலும், ஊர்த்திருவிழா வந்தாலும், அவரைக் கேளாமல் ஒரு நாளும் நிறுத்தலாகாது.

கேட்க வேண்டியவை

அன்பர்களே! யாம் கூறியவற்றில் எண்களை மறந்தாலும் குற்றமில்லை. உங்கள் வீட்டில் எவருக்கேனும் கிளைப்பிரிவில் அடைப்பு என்று கூறினால், மருத்துவரிடம் நான்கு கேள்விகளைப் பணிவுடன் கேளுங்கள். அக்கிளை எவ்வளவு பெரியது? அதன் நோய் வாயோடு நிற்கின்றதா, உள்ளேயும் நீள்கின்றதா? ஒன்றில் தொடங்கினால், கிளை மூடும்போது என்ன செய்வீர்கள்? மாத்திரை எத்தனை மாதம்? இந்நான்குக்கும் விடை தருவது மருத்துவருக்கு ஐந்து நிமிட வேலை. அவர் தாமே கூறாவிடினும், கேட்டால் கூறுவார். எமக்கு அன்று அந்த ஐந்து நிமிடத் துணிவு இருந்திருப்பின், ஒன்பது நாள் கலக்கம் இருந்திராது.

மொழியும் ஒரு தடையாக இருக்கலாம். இங்கே மருத்துவர் பேசுவது கன்னடமும் ஆங்கிலமும். நம் தாய்மார் பலர் அறிந்தது தமிழ் மட்டும். புரியாமல் தலையசைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுவதைவிட, குடியிருப்பில் கன்னடம் நன்கறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். இதற்கெனச் சங்க உறுப்பினர் சிலர் முன்வந்து துணைபுரிவார்களாயின், பட்டிமன்றத்துக்கும் கவியரங்கத்துக்கும் ஒப்பான தமிழ்த்தொண்டு அதுவாகும். யாம் முதல் ஆளாகப் பெயர் தருகின்றோம். விடுமுறை நாளில் எவர் வீட்டிலிருந்து அழைத்தாலும் வருவோம்.

சென்ற தை மாதம் எம் தமையனார் மருத்துவரின் இசைவு பெற்று, சாமுண்டி மலைப்படியில் நந்தி வரை நின்று நின்று ஏறினார். யாம் பின்னே சென்றோம். முன்பு உட்கார்ந்த அந்தப் படி வந்ததும் திரும்பிப் பார்த்து, "ஒன்றுதான் வைத்தார்கள், தம்பி" என்று கூறிச் சிரித்தார். சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். அதில் மாத்திரைப் பொட்டலம் இருந்தது.